இளையோரின் அருகில் நின்ற குரு: புனித தொன் போஸ்கோ



ஆண்டுதோறும் ஜனவரி 31ஆம் நாள் திருச்சபை புனித தொன் போஸ்கோவின் விழாவைக் கொண்டாடுகிறது. நம் பங்குகளில் அன்று இளையோருக்கென்று ஒரு திருப்பலி வைப்போம். மாலையில் விளையாட்டுப் போட்டி நடத்திப் பரிசுகள் கொடுப்போம். அடுத்த ஞாயிறு வழக்கம்போல் வந்துவிடும்.

அந்த அடுத்த ஞாயிறுதான் நம்மைக் கவலைப்பட வைக்கிறது. புதுநன்மை வாங்கும் வயதில் முன்வரிசையில் அமர்ந்த பிள்ளைகள், உறுதிபூசுதல் பெற்றபின் கோயிலின் பின்பக்கம் போய் நிற்கிறார்கள். பிறகு வாசலுக்கு வெளியே மரத்தடிக்குப் போகிறார்கள். அதற்குப் பிறகு கிறிஸ்து பிறப்புக்கும் உயிர்ப்பு விழாவுக்கும் மட்டும் தென்படுகிறார்கள். மறைக்கல்வி ஆசிரியர்கள் பெற்றோரைக் குறை சொல்கிறார்கள். பெற்றோர் டியூஷனையும் செல்போனையும் குறை சொல்கிறார்கள். எல்லாரும் கடைசியில் இந்தக் காலத்துப் பிள்ளைகளையே குறை சொல்லி முடிக்கிறோம்.

ஏறக்குறைய 180 ஆண்டுகளுக்கு முன்பு இத்தாலி நாட்டுத் தூரின் நகரில் இதைவிடக் கடினமான நிலைமை இருந்தது. அங்கே ஓர் இளங்குரு குறை சொல்வதை விட்டுவிட்டு வேறொரு வழியைத் தேடினார். அவருடைய வாழ்வைச் சற்று நிதானமாகப் பார்த்தால், நம் பங்கிலும் செய்யக்கூடிய பல காரியங்கள் புலப்படும்.

தந்தையை இழந்த சிறுவன்

யோவான் போஸ்கோ 1815ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள், வட இத்தாலியின் பியட்மான்ட் பகுதியில் காஸ்தெல்நுவோவுக்கு அருகிலுள்ள பெக்கி என்ற சிற்றூரில் பிறந்தார். எளிய உழவர் குடும்பம். அவருக்கு இரண்டு வயது நிறைவதற்குள், 1817ஆம் ஆண்டு மே மாதத்தில், தந்தை பிரான்செஸ்கோ நிமோனியாக் காய்ச்சலில் இறந்துபோனார். வயதான மாமியார், கணவருடைய முதல் மனைவியின் மகன் அந்தோனியோ, தம் பிள்ளைகளான யோசேப்பு, யோவான் என நான்கு பேரையும் காக்கும் பொறுப்பு தாய் மார்கரீத்தாவின் தோளில் விழுந்தது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் செபங்களையும் மறைக்கல்வியையும் மனப்பாடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். யோவானை முதல் ஒப்புரவுக்குத் தயாரித்ததும் அவரே.

ஒன்பது வயது அளவில் யோவான் ஒரு கனவு கண்டார். ஒரு வெளியில் சிறுவர் கூட்டம் சண்டையிட்டு, கெட்ட வார்த்தை பேசிக்கொண்டிருக்கிறது. யோவான் பாய்ந்து சென்று அவர்களைக் கையால் குத்தி அடக்கப் பார்க்கிறார். மாண்புமிக்க ஒருவர் தோன்றி, அடியால் அவர்களை வெல்ல முடியாது, சாந்தத்தாலும் அன்பாலும் வெல்ல வேண்டும் என்று அவருக்கு உணர்த்துகிறார். ஒரு பெண்மணியும் தோன்றுகிறார். கொடிய விலங்குகள் ஆட்டுக்குட்டிகளாக மாறுகின்றன. காலையில் கனவைக் கேட்ட வீட்டார் ஆளுக்கொரு பொருள் சொன்னார்கள். யோசேப்பு இவன் ஆடு மேய்ப்பான் என்றார். அந்தோனியோ கொள்ளைக்கூட்டத் தலைவன் ஆவான் என்று கேலி செய்தார். பாட்டி கனவுகளை நம்பக்கூடாது என்று முடித்துவிட்டார். தாய் மட்டும், ஒருவேளை குருவாவானோ என்று நினைத்தார்.

சிறுவன் யோவான் தன்னால் ஆனதை அப்போதே தொடங்கிவிட்டார். சந்தையில் வித்தை காட்டுகிறவர்களைக் கூர்ந்து பார்த்து, கயிற்றின்மேல் நடக்கவும் கைவித்தை செய்யவும் பழகிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டி வித்தை காட்டுவார். நடுவில் செபமாலை சொல்ல வேண்டும், கோயிலில் கேட்ட மறையுரையை அவர் திரும்பச் சொல்வதைக் கேட்க வேண்டும். அதுதான் கட்டணம். இன்று நாம் இளையோர் பணியில் விளையாட்டா செபமா என்று விவாதிக்கிறோம். அந்தச் சிறுவனுக்கு இரண்டும் ஒரே புல்வெளியில் நடந்தன.

அருகில் வராத குருக்களும் அருகில் வந்த ஒருவரும்

படிக்க வேண்டும் என்ற யோவானின் ஆசை அண்ணன் அந்தோனியோவுக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் சண்டை முற்றியதால், 12 வயதில், 1828ஆம் ஆண்டு பிப்ரவரியில், தாயே கண்ணீரோடு அவரை வெளியூருக்கு வேலைக்கு அனுப்பினார். மோலியா என்ற குடும்பத்தின் பண்ணையில் ஏறக்குறைய 2 ஆண்டுகள் கூலியாளாக மாடு கன்றுகளைப் பார்த்துக்கொண்டார்.

அந்த வயதில் அவர் மனத்தில் பதிந்த ஒரு வருத்தத்தைப் பிற்காலத்தில் தம் நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார். வழியில் குருக்களைக் கண்டால் ஓடிப்போய் வணக்கம் சொல்வார். அவர்கள் பதில் வணக்கம் சொல்லிவிட்டு நடந்துபோவார்கள். நின்று ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். அழுதுகொண்டே தாயிடம் வந்து, தாம் குருவானால் பிள்ளைகளிடம் தாமே போய்ப் பேசுவதாகச் சொல்வார். அந்தக் குருக்கள் கெட்டவர்கள் அல்லர். மதிப்பு என்பது சற்று விலகி நிற்பது என்று கற்பிக்கப்பட்ட காலம் அது. ஆனால் அந்த விலகலின் வலியை ஒரு பிள்ளை வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

நின்று பேசிய ஒருவரும் வந்தார். 1829ஆம் ஆண்டு நவம்பரில் தியானப் பிரசங்கம் கேட்டுத் திரும்பும் வழியில், கலோசோ என்ற முதிய குரு கூட்டத்தில் நடந்துவந்த யோவானை அழைத்து, பிரசங்கத்தில் என்ன புரிந்தது என்று விசாரித்தார். சிறுவன் முழுப் பிரசங்கத்தையும் சொல்லக் கேட்டு வியந்து, தாமே இலத்தீன் கற்பிக்க முன்வந்தார். ஓராண்டுதான். 1830ஆம் ஆண்டு நவம்பரில் அவர் இறந்துபோனார். ஆயினும் நிலையான ஆன்மிக வழிகாட்டி ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய பேறு என்பதைத் தாம் முதன்முதலில் அறிந்தது அவரிடம்தான் என்று போஸ்கோ பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்தார். ஒரு முதிய குரு சாலையில் நின்று கேட்ட ஒரு கேள்வியிலிருந்து ஒரு புனிதரின் அழைப்பு வளர்ந்தது.

1831 முதல் கியேரி நகரில் பள்ளிப் படிப்பு. தம் வயதைவிட மிகச் சிறிய பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார வேண்டியிருந்தது. செலவுக்காகத் தையல் கடையிலும் காப்பிக் கடையிலும் வேலை செய்தார். அங்கே அவர் தம் தோழர்களைக் கொண்டு ஒரு மகிழ்ச்சிக் கழகம் தொடங்கினார். கிறிஸ்தவனுக்குத் தகாத பேச்சும் செயலும் கூடாது. படிப்பிலும் பக்தியிலும் தன் கடமையைச் சரியாகச் செய்ய வேண்டும். எப்போதும் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும். சட்டதிட்டம் அவ்வளவே. கோயில் நேரத்தில் வித்தை காட்டி இளைஞர்களை இழுத்த ஒரு வித்தைக்காரரோடு ஓட்டத்திலும் தாண்டுதலிலும் மரமேறுதலிலும் போட்டியிட்டு வென்றதும் அக்காலத்தில்தான். இளைஞர்களை இளைஞர்களே இறைவனிடம் கூட்டிவர முடியும் என்பதை அவர் 17 வயதில் செய்து காட்டினார்.

சிறையில் கண்டது

1841ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் யோவான் போஸ்கோ தூரின் நகரில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். இத்தாலியில் மறைமாவட்டக் குருக்களைத் தொன் என்று அழைப்பது வழக்கம். அதனால் அவர் தொன் போஸ்கோ ஆனார். அவருடைய ஆன்ம குரு புனித யோசேப்பு கபாசோ, புதிய குருக்களைச் சிறைச்சாலைகளுக்கு அழைத்துச் செல்வது வழக்கம்.

அங்கே தொன் போஸ்கோ கண்டது அவரை உலுக்கியது. நல்ல உடல் வளமும் கூர்மையான அறிவும் உள்ள 12 முதல் 18 வயதுப் பையன்கள் வேலையின்றி, பூச்சிக்கடியில், உடலுக்கும் ஆன்மாவுக்கும் உணவின்றிக் கிடந்தார்கள். இனி ஒழுங்காக வாழ்வோம் என்று உறுதி எடுத்து வெளியே போன சிலர், சில நாள்களில் மீண்டும் அதே இடத்துக்கு வந்தார்கள். ஏன் என்று அவர் யோசித்தார். வெளியே வந்த பிள்ளைகளுக்கென்று யாருமில்லை. அவர்கள்மேல் அக்கறை கொண்டு, ஞாயிறு தோறும் மறையறிவு தந்து நடத்தும் ஒரு நண்பர் இருந்திருந்தால், இவர்களில் பலர் இங்கே வந்திருக்கமாட்டார்கள் என்ற முடிவுக்கு வந்தார்.

விழுந்தவனைத் தூக்குவதைவிட விழாமல் காப்பது மேல் என்ற அவருடைய தடுப்பு முறைக் கல்வியின் வித்து இங்கேதான் விழுந்தது. அப்போது தூரினில் கட்டட வேலைகளும் தொழில்களும் பெருகிவந்தன. மலைக் கிராமங்களிலிருந்து பையன்கள் கொத்தனார் வேலைக்கும் புகைபோக்கி சுத்தம் செய்யவும் வந்து குவிந்தார்கள். அவர்களுக்கு வீடும் இல்லை, தங்களுடையது என்று சொல்ல ஒரு பங்கும் இல்லை.

ஓர் அருள்நிறைந்த மரியே

1841ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், அமல அன்னையின் விழா. அசிசி புனித பிரான்சிஸ் கோயிலில் தொன் போஸ்கோ திருப்பலிக்காக உடை அணிந்துகொண்டிருந்தார். திருவுடை அறையில் குளிருக்கு ஒதுங்கியதுபோல ஓர் இளைஞன் நின்றான். பூசைக்கு உதவி செய் என்றார் கோயில்பிள்ளை. தெரியாது என்றான். தெரியாதவனுக்கு இங்கே என்ன வேலை என்று அடித்து விரட்டினார். தொன் போஸ்கோ, அவன் என் நண்பன், உடனே கூப்பிடும் என்று கண்டிப்பாகச் சொல்லி அவனைத் திரும்ப வரவழைத்தார்.

அவன் பெயர் பர்த்தலோமேயு கரெல்லி. ஆஸ்தியிலிருந்து வந்த 16 வயதுக் கட்டட வேலையாள். தாய் தந்தை இல்லை. எழுதப் படிக்கத் தெரியாது. பாடத் தெரியாது. இப்படி எல்லாக் கேள்விக்கும் இல்லை, தெரியாது என்றே பதில் வந்தது. விசிலடிக்கத் தெரியுமா என்று தொன் போஸ்கோ கேட்டபோது அவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பில் கதவு திறந்தது. மறைக்கல்விக்குப் போக ஏன் தயங்குகிறாய் என்று கேட்டதற்கு, சின்னப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லை என்ற வெட்கம்தான் காரணம் என்றான். தனியாகச் சொல்லித் தந்தால் வருவேன் என்றான். இப்போதே தொடங்கலாம் என்று தொன் போஸ்கோ முழந்தாளிட்டு, அருள்நிறைந்த மரியே செபம் சொன்னார். பிறகு சிலுவை அடையாளம் வரையச் சொல்லிக் கொடுத்தார். அடுத்த ஞாயிறு கரெல்லி தன் தோழர்கள் சிலரையும் அழைத்துவந்தான்.

இந்நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தெரியாது என்ற வெட்கமே பல இளைஞர்களைக் கோயிலுக்கு வெளியே நிறுத்துகிறது. மறைக்கல்வித் தேர்வில் தோற்றவனும், வாசகம் வாசிக்கத் திக்கியவனும், நீண்ட நாள் ஒப்புரவுக்கு வராதவனும் அந்த வெட்கத்தோடுதான் வாசலில் நிற்கிறார்கள். அவர்களுக்கு அறிவுரை சொல்லும் முன் அவர்களைச் சிரிக்க வைக்க ஒருவர் தேவை.

இடமின்றி அலைந்த ஆண்டுகள்

பிள்ளைகள் பெருகினார்கள். ஞாயிறு காலையில் ஒப்புரவு, திருப்பலி. பிறகு விளையாட்டு, மறைக்கல்வி, பாட்டு. இந்த அமைப்புக்கு ஆரட்டரி என்று பெயர். செபக்கூடம் என்பது அதன் பொருள். ஆனால் நூற்றுக்கணக்கான பையன்களின் கூச்சலை யார் பொறுப்பார்? 1844 முதல் 1846 வரை ஆரட்டரி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு விரட்டப்பட்டது. கல்லறைத் தோட்டத்துக் கோயில், ஆலைப் பகுதி, வாடகை அறைகள், கடைசியில் திறந்த புல்வெளி. பங்குத்தந்தையர் சிலர், பிள்ளைகளை அவரவர் பங்கிலிருந்து பிரிக்கிறார் என்று வருந்தினார்கள். அந்தப் பிள்ளைகளில் பலருக்குப் பங்கு எது என்றே தெரியாது என்பதுதான் உண்மை.

பெரிய கோயிலும் மைதானமும் பள்ளியும் தமக்கு வரும் என்று அவர் பேசுவதைக் கேட்ட நண்பர்கள், அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அஞ்சினார்கள். இரு குருக்கள் அவரை வண்டியில் ஏற்றி மனநல மருத்துவமனைக்குக் கொண்டுபோக வந்தார்கள். அவர் மரியாதையாக அவர்களை முதலில் ஏறச் சொல்லி, கதவைச் சாத்தி, வண்டியை அனுப்பிவிட்டார் என்று நினைவுக்குறிப்புகளில் எழுதியுள்ளார்.

கடைசியில் வால்தொக்கோ பகுதியில் பினார்தி என்பவருடைய தாழ்ந்த கொட்டகை ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. தலை இடிக்காதிருக்கத் தரையைத் தோண்டி ஆழப்படுத்தினார்கள். 1846ஆம் ஆண்டு ஏப்ரல் 12, உயிர்ப்பு ஞாயிறன்று அங்கே குடிபுகுந்தார்கள்.

அதே ஆண்டு ஜூலையில் அளவுமீறிய உழைப்பால் தொன் போஸ்கோ நுரையீரல் நோயில் விழுந்து, சாவின் விளிம்பைத் தொட்டார். கொத்து வேலை செய்யும் அந்தப் பையன்கள் வெயிலில் வேலை செய்துகொண்டே நோன்பிருந்தார்கள். முறைவைத்து அன்னையின் திருத்தலத்தில் செபித்தார்கள். அவர் பிழைத்து எழுந்தபோது, இந்த உயிர் நீங்கள் பெற்றுத் தந்தது, இனி அது உங்களுக்கே என்று வாக்களித்தார். அந்த வாக்கை 42 ஆண்டுகள் காப்பாற்றினார்.

அன்னை மார்கரீத்தா

1846ஆம் ஆண்டு நவம்பரில் உடல் தேறித் திரும்பியபோது தம் தாயையும் உடன் அழைத்துவந்தார். 58 வயது மூதாட்டி, பேரப்பிள்ளைகளையும் சொந்த வீட்டையும் விட்டு, நகரின் ஒதுக்குப்புறத்துக்கு நடந்து வந்தார். வீடற்ற பையன்களுக்கு முதலில் இரவு தங்க இடம் கொடுத்தபோது, அவர்கள் போர்வைகளைத் திருடிக்கொண்டு போனார்கள். இருந்தும் கதவு அடைக்கப்படவில்லை. 1847ஆம் ஆண்டு மே மாத மழை இரவில், நனைந்து நடுங்கிய ஓர் அனாதைச் சிறுவன் வந்தான். தாயும் மகனும் அவனைக் குளிர்காய வைத்து, உணவளித்து, சமையலறையிலேயே படுக்கை போட்டார்கள். தூங்குமுன் அன்னை மார்கரீத்தா நல்வாழ்வு பற்றி அவனிடம் சில வார்த்தைகள் பேசினார். சலேசிய இல்லங்களில் இரவு செபத்துக்குப் பின் சொல்லப்படும் இரண்டு மூன்று நிமிட இரவு வணக்க உரை இதிலிருந்து பிறந்தது.

அவரும் ஒருநாள் சலித்துப்போனார். தோட்டத்துக் காய்கறிகளை விளையாட்டில் மிதித்து அழித்த பிள்ளைகளைப் பார்த்து, ஊருக்கே போகிறேன் என்றார். மகன் ஒன்றும் பேசாமல் சுவரிலிருந்த பாடுபட்ட சுரூபத்தைக் காட்டினார். தாய் புரிந்துகொண்டு சமையலறைக்குத் திரும்பினார். 1856ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் இறக்கும்வரை, 10 ஆண்டுகள், அங்கேயே பிள்ளைகளின் கிழிசல்களைத் தைத்தார். இளையோர் பணி குருக்களுக்கும் கன்னியருக்கும் மட்டுமே உரியது என்று எண்ணுகிற நம் தாய்மார்கள் இந்த வாழ்வைச் சிந்திக்க வேண்டும்.

கோயிலுக்கு வெளியே

ஞாயிறு மட்டும் போதாது என்று தொன் போஸ்கோ கண்டார். வார நாள்களில் சாரங்களுக்கும் பட்டறைகளுக்கும் போய், தம் பையன்கள் வேலை செய்வதைப் பார்ப்பார். முதலாளியிடம் பேசுவார். தன்னைத் தேடி ஒரு குரு வேலையிடத்துக்கு வந்தார் என்பது அப்பிள்ளைக்கு எவ்வளவு பெருமையாக இருந்திருக்கும்!

வேலைக்கு அமர்த்தும்போது முத்திரைத் தாளில் ஒப்பந்தம் எழுதினார். 1850களின் தொடக்கத்தில் எழுதப்பட்ட அந்த ஒப்பந்தங்கள் சில இன்றும் உள்ளன. முதலாளி பையனைச் சொல்லால் மட்டுமே திருத்த வேண்டும், அடிக்கக் கூடாது. தொழிலுக்குச் சம்பந்தமில்லாத வேலை வாங்கக் கூடாது. ஞாயிறும் திருநாளும் விடுமுறை. கூலி படிப்படியாக உயர வேண்டும். தொழிலாளர் சட்டங்கள் இல்லாத காலத்தில் ஒரு குரு செய்த காரியம் இது. 1853 முதல் தம் இல்லத்திலேயே செருப்புத் தைத்தல், தையல், புத்தகம் கட்டுதல், தச்சு, அச்சு எனத் தொழிற்கூடங்களைத் திறந்தார்.

படிக்காத பிள்ளைகளுக்கு மாலைப் பள்ளி நடத்தினார். 1850இல் பியட்மான்ட் அரசு மெட்ரிக் அளவு முறைக்கு மாறியபோது, அதை எளிய நடையில் விளக்கிச் சிறுநூல் எழுதினார். அதே ஆண்டில் பையன்களே வாரம் ஒரு சிறுகாசு சேர்த்து, நோயுற்ற அல்லது வேலையிழந்த தோழனுக்கு உதவும் சங்கம் ஒன்றையும் ஏற்படுத்தினார். மன்றாட்டில் பிறரன்பைப் பற்றிப் பேசிய பிள்ளைகள் காசு சேர்த்து அதைச் செய்யப் பழகினார்கள்.

செபமும் ஒப்புரவும்

இவையெல்லாம் சமூக சேவை மட்டுமே என்று நினைத்தால் தொன் போஸ்கோவை நாம் அறியவில்லை. இளையோர் கல்வி பகுத்தறிவு, மறைநம்பிக்கை, கனிவான அன்பு என்ற மூன்று தூண்களின்மேல் நிற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. 1877இல் அதைச் சுருக்கமாக எழுதியும் வைத்தார். ஒப்புரவும் நற்கருணையும் அந்த மறைநம்பிக்கையின் உயிர்நாடி. யாரையும் வற்புறுத்தக் கூடாது, ஆனால் வாய்ப்பு எப்போதும் இருக்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். தாமே மணிக்கணக்கில் ஒப்புரவுக்கு அமர்ந்திருந்தார். விளையாட்டுத் திடலில் ஓடிவரும் பையனின் காதில் ஒரு சொல் சொல்வார். அந்த ஒரு சொல் பல நாள் அவனுக்குள் வேலை செய்யும்.

1857ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், கார்மஞோலா இரயில் நிலையத்தில் மூடுபனிக்குள் பையன்களின் கூச்சல் கேட்டது. அவர்களின் தலைவன் மிக்கேல் மகோனே. தந்தையில்லாத, அடங்காத சிறுவன். இரயிலுக்குக் காத்திருந்த சில நிமிடங்களில் தொன் போஸ்கோ அவனோடு நட்பானார். பிறகு ஆரட்டரியில் சேர்த்துக்கொண்டார். முதல் நாள்களில் விளையாட்டில் அவனை மிஞ்ச ஆளில்லை. சில வாரங்களில் வாடிப்போனான். தோழர்கள் மகிழ்ச்சியோடு ஒப்புரவுக்குப் போவதைப் பார்த்து, தன்னால் முடியவில்லையே என்று உள்ளுக்குள் அழுதான். தொன் போஸ்கோ அவசரப்படுத்தவில்லை. காரணத்தை மெதுவாகக் கேட்டறிந்து வழிகாட்டினார். நல்ல ஒப்புரவுக்குப் பின் அவனுடைய சிரிப்பு திரும்பியது. 1859ஆம் ஆண்டு ஜனவரியில், 13 வயதில், அமைதியாக இறைவனிடம் சென்றான்.

பொறுப்பை இளையோரிடம் கொடுத்தவர்

1854ஆம் ஆண்டு தூரினைக் காலரா தாக்கியது. வீடுகளில் நோயாளிகள் கவனிப்பாரின்றிக் கிடந்தார்கள். தொன் போஸ்கோ தம் பையன்களிடம் துணைக்கு ஆள் கேட்டார். 44 பேர் முன்வந்தார்கள். அவர்களுக்குப் பயிற்சியும் தூய்மை விதிகளும் தரப்பட்டன. வீடு வீடாகச் சென்று நோயாளிகளைத் தூக்கினார்கள். அன்னை மார்கரீத்தா பீடத் துணிவரை எடுத்துக் கொடுத்தார். அந்தப் பையன்களில் ஒருவருக்கும் காலரா வரவில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் தோமினிக் சாவியோ ஆரட்டரிக்கு வந்தார். புனிதனாக வேண்டும் என்ற தாகத்தில் கடும் தவம் செய்ய முயன்ற அச்சிறுவனைத் தொன் போஸ்கோ தடுத்தார். மகிழ்ச்சியாக இரு, படிப்பையும் செபத்தையும் சரியாகச் செய், தோழர்களுக்கு நன்மை செய், இதுவே உன் வழி என்று காட்டினார். 1856ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் சாவியோவும் தோழர்களும் அமல அன்னையின் குழுவைத் தொடங்கினார்கள். புதிதாக வரும் பிள்ளைகளையும், தனித்து நிற்பவர்களையும், முரடர்களையும் ஆளுக்கொருவராக ஏற்றுக் கவனிப்பது அவர்கள் பணி. சாவியோ 1857ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள், 15 வயது நிறையுமுன் இறந்தார். 1954இல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

1859ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் சலேசிய சபை உருவானபோது கூடியிருந்தவர்கள் 18 பேர். தொன் போஸ்கோவும் இன்னொரு குருவும் தவிர, பெரும்பாலோர் 20 வயதை ஒட்டிய இளைஞர்கள். தம் கையில் வளர்ந்த பையன்களைக் கொண்டே அவர் ஒரு துறவற சபையைக் கட்டினார். கனிவுக்குப் பெயர்பெற்ற புனித பிரான்சிஸ் சலேசியாரின் பெயரை அதற்குச் சூட்டினார். அப்பையன்களில் ஒருவரான மிக்கேல் ரூவா பின்னர் அவருக்கு அடுத்த தலைவரானார். மற்றொருவரான யோவான் கலியேரோ 1875இல் அர்ஜென்டினாவுக்குச் சென்ற முதல் மறைபரப்பாளர் குழுவை நடத்திச் சென்று, பிற்காலத்தில் கர்தினாலானார். 1872இல் புனித மரிய மசரெல்லோவோடு சேர்ந்து பெண்பிள்ளைகளுக்காகச் சலேசிய சகோதரிகள் சபையும் தொடங்கப்பட்டது. 1906இல் சலேசியர் நம் தஞ்சாவூருக்கு வந்து சேர்ந்தார்கள். இந்தியாவில் அவர்களுடைய பணி அங்கேதான் தொடங்கியது.

முதுமையில் எழுதிய கடிதம்

எல்லாம் வெற்றியாகவே நடந்தது என்று எண்ண வேண்டாம். 1848, 1849ஆம் ஆண்டுகளின் அரசியல் கொந்தளிப்பில் அவருடைய உதவியாளர் பலர் விலகினார்கள், பையன்களையும் இழுத்துச் சென்றார்கள். அதைவிட அவரை வருத்தியது முதுமையில் கண்ட மாற்றம். 1884ஆம் ஆண்டு மே 10ஆம் நாள், உரோமையிலிருந்து தம் இல்லத்தாருக்கு ஒரு நீண்ட கடிதம் அனுப்பினார். வால்தொக்கோவில் கட்டடங்கள் உயர்ந்துவிட்டன, பிள்ளைகள் பெருகிவிட்டார்கள், ஒழுங்கு இருக்கிறது. ஆனால் விளையாட்டு நேரத்தில் குருக்களும் ஆசிரியர்களும் தங்களுக்குள் பேசிக்கொண்டு ஒருபக்கம் நிற்கிறார்கள், பிள்ளைகள் மறுபக்கம் சோர்ந்து நிற்கிறார்கள். பழைய குடும்ப உறவு போய்விட்டது. நாம் பிள்ளைகளை நேசிப்பது மட்டும் போதாது, தாங்கள் நேசிக்கப்படுகிறோம் என்று அவர்களே உணர வேண்டும் என்பதே அக்கடிதத்தின் சாரம். அவர்களுக்குப் பிடித்ததை நாம் நேசித்தால், நமக்குப் பிடித்ததை அவர்கள் நேசிக்கக் கற்றுக்கொள்வார்கள்.

சிறுவயதில் சாலையில் கடந்துபோன குருக்களைப் பார்த்து அழுத அதே வலி, முதுமையில், தாம் நிறுவிய இல்லத்தைப் பற்றியே அவருக்கு எழுந்தது. நல்ல நிறுவனமும் காலப்போக்கில் விலகி நிற்கத் தொடங்கும் என்ற எச்சரிக்கை அது. பெரிய கோயிலும் மண்டபமும் கட்டி முடித்த பங்குகளுக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்தும்.

தொன் போஸ்கோ 1888ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் அதிகாலையில் இறந்தார். 1934ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறான ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் அவரைப் புனிதராக அறிவித்தார். அவர் இறந்த நூற்றாண்டான 1988இல் திருத்தந்தை 2ஆம் யோவான் பவுல், இளையோரின் தந்தையும் ஆசிரியரும் என்று அவரைச் சிறப்பித்தார்.

நம் பங்கில் என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். தொன் போஸ்கோவிடமிருந்து சில சிறு பழக்கங்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, பெயர். உறுதிபூசுதல் பெற்ற பிள்ளைகளின் பட்டியல் பங்கு அலுவலகத்தில் இருக்கிறது. கடந்த 5 ஆண்டுகளில் பெற்றவர்கள் இன்று எங்கே படிக்கிறார்கள், எங்கே வேலை செய்கிறார்கள் என்று அன்பியம் வாரியாக விசாரித்து எழுதி வைப்போம். வராதவர்களை ஆளுக்கு மூவராகப் பொறுப்பேற்று, குறை சொல்லாமல் நலம் விசாரிக்கப் போவோம்.

இரண்டாவது, இடம். கோயில் வளாகத்தில் மாலையில் ஒரு பந்தும் ஒரு விளக்கும் இருக்கட்டும். திட்டுவதற்கு அல்லாமல் கூட இருப்பதற்கென்றே பெரியவர் இருவர் அங்கே நிற்கட்டும். தொன் போஸ்கோவின் உறவு எல்லார் கண்ணும் படும் திடலில் நடந்தது. சிறார் பாதுகாப்பு பற்றித் திருச்சபை இன்று வகுத்துள்ள நெறிகளை நாம் கடைப்பிடிப்பதும் அதே அன்பின் பகுதிதான்.

மூன்றாவது, வாய்ப்பு. இளையோர் திருப்பலிக்கு அரைமணி முன்பு குரு ஒப்புரவுத் தொட்டியில் அமர்ந்திருக்கட்டும். அறிவிப்பு போதும், வற்புறுத்தல் வேண்டாம். மறைக்கல்வியில் பின்தங்கியவனைப் பலர் முன் கேள்வி கேட்டு வெட்கப்படுத்த வேண்டாம்.

நான்காவது, வாழ்க்கை. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு மேற்படிப்பும் தொழிற்பயிற்சியும் பற்றிச் சொல்லப் பங்கிலேயே ஆசிரியர்களும் அலுவலர்களும் தொழில் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த பிள்ளைக்கு ஒழுங்கான கூலியும் ஞாயிறு விடுமுறையும் கிடைக்கிறதா என்று கேட்பதும் மேய்ப்புப் பணியே.

ஐந்தாவது, பொறுப்பு. நாற்காலி தூக்கவும் தோரணம் கட்டவும் மட்டும் இளையோரை அழைக்கிறோம். நோயாளிகளைச் சந்திக்கவும், சிறு பிள்ளைகளுக்குக் கற்பிக்கவும், பங்குப் பேரவையில் பேசவும் அழைப்போம். 2018ஆம் ஆண்டு இளையோர் குறித்த ஆயர் மாமன்றத்துக்குப் பின், 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட கிறிஸ்து வாழ்கிறார் என்ற ஏடும் இதையே கேட்கிறது: இளையோர் திருச்சபையின் நாளை மட்டுமல்ல, இன்றும் அவர்களே.

ஆறாவது, இல்லம். பெற்றோர் இரவு தூங்குமுன் பிள்ளையோடு இரண்டு நிமிடம் பேசட்டும். மதிப்பெண்ணைப் பற்றி அல்ல, அன்றைய நாளைப் பற்றி. பிறகு ஒரு சிறு செபம். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய் மழையில் நனைந்து வந்த அனாதைக்குச் செய்ததை நம் சொந்தப் பிள்ளைக்கு நாம் செய்ய முடியாதா?

அன்புக்குரியவர்களே, தொலைந்த ஆட்டைத் தேடிப் போன நல்ல ஆயனின் சாயலில்தான் தொன் போஸ்கோ வாழ்ந்தார். கோயில் வாசலுக்கு வெளியே மரத்தடியில் நிற்கும் பிள்ளை நம்மை வெறுத்து அங்கே நிற்கவில்லை. ஒருவேளை யாராவது தன்னை நண்பன் என்று சொல்லி உள்ளே கூப்பிடுவார்களா என்று பார்த்துக்கொண்டு நிற்கலாம். இந்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அந்த மரத்தடிக்கு நாமே நடந்து செல்வோம். அவன் பெயரைக் கேட்போம். மற்றதைக் கிறிஸ்தவர்களின் சகாய அன்னை பார்த்துக்கொள்வார்.

புனித தொன் போஸ்கோவே, எங்கள் இளையோருக்காகவும் அவர்களை எங்களிடம் ஒப்படைத்த இறைவனுக்கு நாங்கள் உண்மையாய் இருக்கவும் வேண்டிக்கொள்ளும். ஆமென்.